வியர்வையில் உப்பு, பதிவேட்டில் சரியும் கோடு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பிள்ளை வளரும் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு பொலித்தீன் பைக்குள் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு இருக்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதியும் கிளினிக் அட்டையும் கசங்கிப்போன இரத்தப் பரிசோதனைத் துண்டுகளும் அதே பைக்குள்தான். நிறை பார்க்கும் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் அந்தப் பதிவேட்டில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளை இணைத்தால் வரும் கோடு ஏற வேண்டும். இரண்டு மூன்று மாதம் படுத்துக் கிடந்தாலோ பச்சைப் பட்டையை விட்டுக் கீழே சரிந்தாலோ முதலில் விசாரணைக்கு உள்ளாகிறவர் தாய். "பால் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா? என்ன ஆக்கிக் கொடுக்கிறீர்கள்?" கையில் திரிபோஷா சத்துமாப் பைக்கற்றோடு வீட்டுக்கு வந்தால், மாமியார் நாவூறு கழிக்க மிளகாயும் உப்பும் எடுத்து வைத்திருப்பார்.

அநேகமான பிள்ளைகளுக்கு இந்த விசாரணையே போதும். வறுமை, பூச்சி, அடிக்கடி வரும் காய்ச்சல், சாப்பாட்டில் சத்துக் குறைவு என்று காரணம் அகப்பட்டுவிடும். அகப்படாத பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களில் ஒரு சிறு பங்கினரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், என் தாயாரின் நெஞ்சு வருத்தத்துக்காகக் கிழக்கில் ஒரு வைத்தியசாலையின் வாங்கில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஓர் இளந்தாய். மடியில் மூன்று வயது சொல்லக்கூடிய ஒரு பையன், ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையின் உடம்பு. வயிறு மட்டும் உப்பியிருந்தது. இருமிக்கொண்டே பணிசைத் தின்றுகொண்டிருந்தான். "எவ்வளவு கொடுத்தாலும் சாப்பிடுவான், உடம்பில் ஒட்டுவதில்லை" என்றார். பிறகு, ஏதோ வேடிக்கை சொல்வதுபோல, "இவனைக் கொஞ்சினால் வாய் உப்புக் கரிக்கும். கடலில் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி" என்றார். அதற்குள் இலக்கம் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய் அவர் அதைச் சொன்னாரா, சொன்னாலும் காதில் விழுந்ததா தெரியாது. வெளியே வந்தபோது கையில் முட்டுக்குரிய மருந்தும் விற்றமின் பாணியும் இருந்தன. அந்த ஒரு வாக்கியத்தின் மருத்துவப் பெறுமதி எனக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

நன்றாகச் சாப்பிட்டும் நிறை ஏறாமை, மாறாத இருமல், எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாத, நாற்றம் கூடிய மலம், உப்புக் கரிக்கும் தோல். இந்த நான்கும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால் எழ வேண்டிய ஐயம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

வயலும் குளமும் தெரிந்தவர்களுக்கு இந்த நோயை விளக்குவது கடினமில்லை. நுரையீரல், சதையி, குடல், ஈரல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றின் கலங்களில் குளோரைட்டு போய்வருவதற்கென்று ஒரு நுண்ணிய மதகு இருக்கிறது. உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகும். அந்த மதகைச் செய்வதற்கான கட்டளை 7ஆம் நிறமூர்த்தத்தில், சி.எஃப்.டி.ஆர். என்ற பரம்பரையலகில் எழுதப்பட்டிருக்கிறது. அதை 1989இல் கண்டுபிடித்தார்கள். அதில் எழுத்துப் பிழை இருந்தால் மதகு திறக்காது, அல்லது மதகே உருவாகாது. வாய்க்காலில் நீர் வற்றிச் சேறு கட்டுவதுபோல, நுரையீரலின் சளி கோந்தாகிக் குழாய்களை அடைக்கிறது. அந்தச் சேற்றில் கிருமி குடியேறுகிறது. சதையியின் குழாய் அடைபடுவதால் கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியம் குடலை எட்டுவதில்லை. தின்ற கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது. அதனோடு ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் போய்விடுகின்றன. வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதை தலைகீழ்: அங்கே உப்பை உடம்புக்குள் திருப்பி எடுக்க வேண்டிய மதகு வேலை செய்யாததால், உப்பு வியர்வையோடு வழிந்து போகிறது. அந்தத் தாய் நாக்கில் உணர்ந்தது இதைத்தான்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் பற்றி இலங்கையில் நிறையப் பேசியிருக்கிறோம். இதுவும் அதே வழியில் கடத்தப்படுகிற நோய். தாய் தந்தை இருவரும் காவிகளாக, அதாவது பிழையான பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவர்களாக, இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. காவிகளுக்கு ஒரு குறையும் தெரியாது. மட்டக்களப்பில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. இரத்தக் கலப்பைத் தவிர்க்க முன்னோர் செய்த ஏற்பாடு அது என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கணக்கு அப்படி வரவில்லை. மாமன் மகள் தன் தாயின் குடி, மாமி மகள் தன் தாயின் குடி. இருவருமே மச்சானுக்கு வேற்றுக் குடி, ஆகவே மணம் முடிக்கலாம். ஆனால் மச்சானும் மச்சாளும் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பாட்டனிடமிருந்த ஒரு பிழை இரு வழியாகவும் இறங்கி வந்து ஒரே தொட்டிலில் சந்திக்கலாம். இதை வைத்துச் சொந்தத்தில் முடித்தவர்களைக் குற்றவாளியாக்குவது சரியல்ல. பெரும்பாலான மச்சான் மச்சாள் வீடுகளில் பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கின்றன. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் அதிகமில்லாத வட ஐரோப்பாவில்தான் இந்த நோய் மிகக் கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கே ஏறத்தாழ 25 பேரில் ஒருவர் காவி.

"வெள்ளைக்காரரின் வருத்தம்" என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டதற்கும் அதுவே காரணம். தெற்காசியாவில் இந்த நோய் அங்கேயளவு பரவலில்லை. ஆனால் இல்லாமலில்லை. டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் போன்ற இடங்கள் தேடத் தொடங்கியபோது பிள்ளைகள் அகப்பட்டார்கள். தேடாத இடத்தில் அவர்கள் ஆஸ்துமாவாக, காசநோயாக, நாலாவது தடவை நியூமோனியாவாக, சத்துக்குறைவாகப் பதியப்படுகிறார்கள். அல்லது பதிவே இல்லாமல் போய்விடுகிறார்கள். மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதே "இது இங்கே அபூர்வம்" என்று ஒரு வசனத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்த வசனம் வாழ்நாள் முழுக்க மனதில் நின்றுவிடுகிறது.

வெப்பத்துக்கும் இந்த நோய்க்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1938இல் டொரதி அண்டர்சன் என்ற நியூயோர்க் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். பத்து ஆண்டு கழித்து, 1948 கோடையில் அந்த நகரம் வெந்தது. வெப்பம் தாங்காமல் சுருண்டு வைத்தியசாலைக்கு வந்த சிறு பிள்ளைகளில் எதிர்பாராத அளவுக்குப் பலர் இந்த நோய் உள்ளவர்கள். ஏன் என்று கேட்ட போல் டி சான்ட் அக்னீஸ் என்ற மருத்துவர், அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் நிறுவினார். நியூயோர்க்குக்கு வாய்த்தது ஒரு கோடைதான். எங்களுக்குக் கச்சான் காற்று ஆண்டுதோறும் வருகிறது. சித்திரை தாண்டினால் வாவியிலிருந்து வரும் காற்றுக்கூடச் சுடும். அந்த நாட்களில் வயிற்றோட்டமும் இல்லாமல், பெரிய காய்ச்சலும் இல்லாமல், சோர்ந்து துவண்டு, உடம்பில் நீரும் சோடியமும் குளோரைட்டும் பொட்டாசியமும் குறைந்து, இரத்தம் காரத்தன்மை கூடி ஒரு கைப்பிள்ளை விடுதிக்கு வந்தால், சேலைன் ஏற்றித் தேற்றி அனுப்பிவிடுவதோடு வேலை முடிவதில்லை. வெப்ப நாடுகளில் இந்த நோய் முதன்முதலாக முகம் காட்டும் விதங்களில் இது ஒன்று. அதே பிள்ளை அடுத்த மாதமும் அதே போல வந்தால் ஐயமே தேவையில்லை, சோதித்துத்தான் ஆக வேண்டும்.

சோதனை என்பது வியர்வைச் சோதனை. 1959இல் கிப்சன், குக் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த முறை இன்றும் மாறவில்லை. முன்கையில் பைலோகார்பின் என்ற மருந்து தோய்த்த இரண்டு பட்டைகளைக் கட்டி, ஐந்து நிமிடம் மிக மெல்லிய மின்னோட்டம் விடுகிறார்கள். பிள்ளைக்கு எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அவ்வளவுதான். பிறகு அந்த இடத்தில் ஊறும் வியர்வையை அரை மணித்தியாலம் சேகரித்துக் குளோரைட்டை அளக்கிறார்கள். லீற்றருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய்; 30க்குக் கீழ் என்றால் அநேகமாக இல்லை; இடைப்பட்டால் மேலும் ஆராய வேண்டும். இயந்திரம் பெரிதல்ல, விலையும் வானத்தில் இல்லை. சிக்கல் கை பழக்கத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை செய்கிற சோதனையில் வியர்வை போதாது, ஆவியாகிவிடும், முடிவு பிசகும். ஆகவே கிழக்கு முழுவதற்கும் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் ஆய்வுகூட உத்தியோகத்தர் அதைத் தொடர்ந்து செய்வதுதான் புத்தி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் அதையொட்டிய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் இருக்கும்போது அதற்கு இயல்பான இடம் எது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கல்முனை, அம்பாறை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை எல்லாம் அங்கே அனுப்பலாம்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைரொயிட் குறைபாட்டைப் பார்க்கும் வழக்கம் இலங்கையில் ஏற்கெனவே உண்டு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1981இலேயே அதே சொட்டில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸையும் தேடத் தொடங்கியது. எங்களுக்கு அது நாளைக்கே வர வேண்டியதென்று நான் வாதாட மாட்டேன். முதலில், ஏற்கெனவே விடுதிக்கு வந்துபோகிற பிள்ளைகளை அடையாளம் காண்போம்.

அடையாளம் கண்டு என்ன பயன், மருந்துதான் இல்லையே என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதகையே திருத்துகிற மாத்திரைகள் வந்துவிட்டன என்பது உண்மை. 2012இல் ஐவாகாஃப்டர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; 2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை வந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். அமெரிக்காவில் இந்த நோயாளரின் எதிர்பார்க்கப்படும் இடைநிலை ஆயுள் 60ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டு மாத்திரையின் அமெரிக்க விலை ஆண்டுக்கு 3 இலட்சம் டொலர் அளவில் இருப்பதும் உண்மை. ஆர்ஜென்டினாவில் அதைக் குறைந்த செலவில் தயாரிக்கிறார்கள். ஆனால் விலையைத் தாண்டி இன்னொரு தடை இருக்கிறது. இந்த மருந்து எல்லாப் பிழைகளையும் திருத்தாது. ஐரோப்பியரிடம் மிகப் பரவலான ஒரு பிழையைக் குறிவைத்தே அது செய்யப்பட்டது. தெற்காசியரிடம் அந்தப் பிழையின் பங்கு குறைவு. இதுவரை 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிழை என்ற பரம்பரையலகுச் சோதனை இல்லாமல் அந்த மருந்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

ஆனால் அமெரிக்காவில் 1950களில் இந்த நோயுள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதைக் காண்பதே அரிது. இந்த மாத்திரைகள் ஒன்றுகூட வருவதற்கு முன்பே, 2010 அளவில், அவர்களின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் நாற்பதை அண்மித்துவிட்டது. அந்த முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளைத் தந்தது எது? நொதியம், கொழுப்புச் சாப்பாடு, உப்பு, முதுகில் தட்டிச் சளி எடுப்பது, நுண்ணுயிர்க்கொல்லி, தொற்றுக் கட்டுப்பாடு. இவற்றில் எதுவும் எங்களுக்குப் புதிதல்ல. 1957இல் கிளீவ்லாந்தில் லிறோய் மத்தியூஸ் என்ற பிள்ளை மருத்துவர், இவற்றை நோய் முற்றியபின் செய்யாமல் முதல் நாளிலிருந்தே ஒரு நாளும் விடாமல் செய்யத் தொடங்கினார். தன் நோயாளரில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேர்கூட இறப்பதில்லை என்று அவர் சொன்னபோது மற்றவர்கள் நம்பவில்லை. அந்தக் காலத்தில் மற்ற இடங்களில் ஆண்டுக்கு ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். 1964இல் வொரன் வோர்விக் என்ற மருத்துவர் எல்லா நிலையங்களின் பதிவுகளையும் திரட்டிப் பார்த்தார். மத்தியூஸ் சொன்னது சரி. மற்றவர்களிடம் இல்லாத மருந்து எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் அமெரிக்காவின் நோயாளர் பதிவேடு வளர்ந்தது. 2006இல் ஒவ்வொரு நிலையத்தின் பெறுபேற்றையும் பெயரோடு பொதுமக்களுக்கே வெளியிட்டார்கள். எங்கள் ஊரில் எந்த வைத்தியசாலையும் அப்படி வெளியிடத் துணியுமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், யோசனையோடு நிறுத்திக்கொண்டேன்.

வேலை வீட்டில்தான் நடக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணியை எடுத்துக்கொள்வோம். தாய் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணை போட்டு, பிள்ளையைக் குப்புறச் சாய்க்கிறார். சாப்பாட்டுக்கு முன்பு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி. முதுகில் மெல்லிய துணி. உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்துத் தட்டுகிறார். கை சரியாகக் குவிந்திருந்தால் டொப் டொப் என்று வெற்றுப் பானையில் தட்டிய ஓசை வரும். பட்டென்று அறை விழுந்த ஓசை வந்தால் கை தட்டையாகிவிட்டது, பிள்ளைக்கு வலிக்கும். முதுகெலும்பிலும் விலாவுக்குக் கீழேயும் தட்டுவதில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் தட்டி முடிக்க இருபது நிமிடம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையென்றால், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயை அகலத் திறந்து ஊதி இருமச் சொல்லலாம். அல்லது ஒரு போத்தலில் தண்ணீர் விட்டுக் குழாய் போட்டுக் குமிழி ஊதவைக்கலாம். பிள்ளை விளையாட்டென்று நினைக்கும், நுரையீரலுக்கு வேலை நடக்கும். ஊதி முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மாலையிலும் இதே இருபது நிமிடம். காய்ச்சல் நாளிலும், திருவிழா நாளிலும், நோன்பு நாளிலும். இயன்மருத்துவர் ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டு விடுவது போதாது. ஒவ்வொரு கிளினிக்கிலும் தாயைத் தட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் கை தட்டையாகிவிடும். தாய் ஒருவரே என்றில்லாமல் தகப்பனுக்கும் அம்மம்மாவுக்கும் பழக்க வேண்டும். மட்டக்களப்பில் பெண் தாய்வீட்டோடு இருப்பது வழக்கம். அந்த வழக்கத்தின் பெரிய வரம் வீட்டில் கை உதவிக்கு ஆள் இருப்பதுதான்.

சளியை இளக்க ஓர் எளிய மருந்து கடலிலிருந்து கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள சிலர் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள். கடலில் இறங்கி வந்தால் மூச்சு லேசாகிறது என்றார்கள், அவர்களின் நுரையீரலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. மருத்துவர்கள் 7 வீத உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வில், நெஞ்சுத்தொற்று முற்றும் தடவைகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. அறுகம்பைக்கு அலை தேடி அவுஸ்திரேலியரும் வருகிறார்கள். பொத்துவிலில் எந்த முச்சக்கரவண்டிக்காரரும் இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்பார், ஆனால் நம்புவார். அதற்காக வீட்டில் உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றிவிடக் கூடாது. கரைசல் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும், முதல் தடவை வைத்தியசாலையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்; சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகும், ஆகவே அதை விரிக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் அலசிவிட்டு ஈரத்தோடு மூடி வைத்த நெபுலைசர்க் கிண்ணம் மருந்தைவிடக் கிருமியைத்தான் கூடுதலாகக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, உதறிக் காயவிட வேண்டும். பிறகுதான் மூடி.

சாப்பாட்டு விடயத்தில் எங்கள் புத்தியே எதிராளி. வயிற்றால் போகிற பிள்ளைக்கு எண்ணெயை நிறுத்து, பாலை நிறுத்து, கஞ்சி கொடு என்பது தலைமுறைப் பழக்கம். இங்கே நேர்மாறாகச் செய்ய வேண்டும். இந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளையைவிடக் கூடுதல் சக்தி வேண்டும், சிலருக்கு ஒன்றரை மடங்குவரை. எருமைத் தயிர்ச் சட்டி, தேங்காய்ப்பால், பொரித்த மீன், முட்டை, நெய், வாழைப்பழம் எல்லாம் இவர்களுக்குரியவை. மட்டக்களப்பில் பிறந்ததே ஒரு வாய்ப்பு என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், பால் குடிக்கும் நேரத்துக்கும்கூட, நொதிய வில்லை வேண்டும். நிறையைப் பார்த்து அளவை மருத்துவர் சொல்வார். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10,000 அலகைத் தாண்டக் கூடாது, தாண்டினால் குடல் சுருங்கும் ஆபத்து. சின்னப் பிள்ளைக்கு வில்லையைத் திறந்து, உள்ளேயிருக்கும் மணிகளை மசித்த அப்பிள் ஒரு கரண்டியில் போட்டு விழுங்க வைப்பார்கள். மணியைக் கடிக்கக் கூடாது, சூடான சாப்பாட்டில் கலக்கவும் கூடாது. வீட்டில் இன்னொரு தொல்லை: போத்தலில் 25 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். தகரக் கூரை வீட்டில் கச்சான் காலத்தில் 25 பாகை எங்கே? வெப்பத்தில் நொதியம் வலுவிழந்தால் பழைய மலம் திரும்பிவிடும். தாய் மருந்து கொடுக்கவில்லை என்று மறுபடியும் விசாரணை. மூன்று மாதத்துக்குரியதை ஒரேயடியாகக் கொடுத்தனுப்பாமல் கிட்டிய ஆதார வைத்தியசாலையின் மருந்தகத்தில் வைத்து மாதம் மாதம் கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

அந்த வில்லையில் சொல்லாமல் விடப்படும் ஒரு விடயம் உண்டு. இன்று மருந்தகங்களில் கிடைக்கும் சதையி நொதியம் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுகிறது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர்க் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று நினைக்கும் வைத்தியர், அந்த உம்மா ஒருநாள் கைத்தொலைபேசியில் தேடிப் படித்துவிட்டுப் போத்தலைக் குப்பையில் போடும் நாளை எதிர்பார்த்திருக்க வேண்டும். உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது மார்க்கத்தில் உள்ள விதி. அதை வைத்தியர் சொல்வதைவிட ஊர்ப் பள்ளிவாசலின் மௌலவி சொன்னால் வீட்டில் நிம்மதி இருக்கும். முதல் நாளே உண்மையைச் சொல்லி, மௌலவியிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உப்பும் அப்படித்தான். ஊரெல்லாம் உப்பைக் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பிள்ளைக்கு மட்டும் கூட்டிக் கொடுக்க வேண்டும். கச்சான் காலத்திலும் காய்ச்சலிலும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலும் இன்னும் கூடுதலாக. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் மைதானத்தில் மயங்கி விழுவது நடக்காது.

வைத்தியசாலைக்குள் நுழைந்தால் மிகப் பெரிய ஆபத்து, காத்திருக்கும் வாங்கு. சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரத்தில் வாழும்; கைகழுவும் தொட்டியின் துளையில்கூட இருக்கும். சுகமான நுரையீரலில் அதற்கு இடமில்லை. இந்த நோயாளரின் நுரையீரலில் குடியேறிவிட்டால் எழுப்புவது பெரும்பாடு. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கும் தொற்றும். கொப்பன்ஹேகனில் 1980களின் தொடக்கத்தில் கிருமி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வெவ்வேறாகப் பிரித்தார்கள். புதிதாகத் தொற்றுவோர் தொகை விழுந்தது. இன்று உலகம் முழுவதும் விதி ஒன்றுதான்: இந்த நோயுள்ள இருவர் ஒரே அறையில் காத்திருக்கக் கூடாது, இரண்டு மீற்றருக்குள் நெருங்கக் கூடாது. மற்ற நோய்களில் ஒரே நோயுள்ள பிள்ளைகளைச் சேர்த்து வைத்து ஆறுதல் கொடுக்கிறோம். இங்கே தாய்மார் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம், பிள்ளைகள் சந்திக்கக் கூடாது. இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. பிள்ளையை நேராக ஓர் அறைக்குக் கூப்பிட்டு, முகக்கவசம் போட்டு, அடுத்த பிள்ளைக்கு வேறொரு நாளோ வேறொரு நேரமோ கொடுத்தால் போதும். மார்பு நோய் கிளினிக்கில் காசநோயாளருக்கு நடுவே இருத்தி வைப்பது கொடுமை. இந்த நோய் இருக்குமோ என்று ஐயப்படும் பிள்ளைகளுக்கும் அதே இருக்கைதான் இன்று கிடைக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறை, உயரம், சளி அல்லது தொண்டைத் துடைப்பில் கிருமிச் சோதனை. ஆறு வயதளவிலிருந்து ஊதிப் பார்க்கும் நுரையீரல் அளவை. பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் சீனிச் சோதனை, ஏனெனில் சதையி கெட்டால் நீரிழிவும் பின்னால் வரும். சூடோமோனாஸ் முதல்முறை தெரிந்ததும் உடனே மூச்சில் இழுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை ஒரு மாதமளவு கொடுத்தால் பெரும்பாலும் விரட்டிவிடலாம். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். அதனால்தான் மூன்று மாதக் கணக்கு.

கொழும்புச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால் என்ன? அனுப்பத்தான் வேண்டும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இரவு ரயிலில் இருமும் பிள்ளையோடு, தகப்பனின் இரண்டு நாள் கூலியும் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரும் போக மாட்டார்கள். மூன்றாவது தடவையோடு நின்றுவிடும். திட்டத்தைக் கொழும்பு வகுக்கட்டும், நாளாந்தப் பராமரிப்பைக் கிழக்கு செய்யட்டும், இடையில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். தலசீமியாவுக்குக் குருநாகலில் தேசிய நிலையமும் மாவட்டங்களில் இரத்தம் ஏற்றும் விடுதிகளும் என்று நாங்கள் ஏற்கெனவே பழகிய முறைதான் இது. மருந்து இருப்பதும் இல்லாததும் இன்னொரு பிரச்சினை. 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்த நாடு. நாலைந்து பிள்ளைகளுக்காக நொதியம் கேட்டு அனுப்பும் கோரிக்கை கடைசி வரிசையில்தான் நிற்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே பெயரும் அளவும் போட்டுக் கேட்டால் கொஞ்சம் முன்னே வரும். பெயரும் அளவும் போட வேண்டுமானால் அவை எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். கணினி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக்கு ஒரு பிள்ளை. திகதி, நிறை, உயரம், கிருமி, நொதிய அளவு, தாய் தட்டுவதைப் பார்த்தாயிற்றா, அண்ணன் தங்கைக்கு வியர்வைச் சோதனை செய்தாயிற்றா. கடைசி நிரலில் அடுத்த வருகைத் திகதி. அந்தத் திகதிக்குப் பிள்ளை வரவில்லையென்றால், அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாதி அந்த ஊர்க் குடும்பநல உத்தியோகத்தருக்கு ஓர் அழைப்பு எடுக்கிறார். அவர் சைக்கிளில் போய் வாசலில் நின்று, "அம்மா, பதிவேட்டைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள்" என்கிறார்.